மூன்றாவது புகார்

பகலெல்லாம் ஊரார் பியானோக்களுக்குச்
சுருதி சேர்க்கிறேன்.
வீடு திரும்பினால்
குளிர்சாதனப் பெட்டிக்கும் கதவுக்கும் நடுவே
பூனைக்கு வாங்கிய பீங்கான் ஊற்று
தன்பாட்டில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.
வாங்கிய அன்றே இசைக்கவையைத் தட்டிப் பார்த்தேன்,
தொழில்புத்தி.
மயிரிழை இறக்கம்.

மயிரிழை இங்கே உவமை இல்லை.
கொமினோ உதிர்க்கும் சாம்பல் முடி
வடிகட்டியை ஏமாற்றி உள்ளே நுழைந்து
மோட்டாரின் குட்டி விசிறியில்
நூல்கண்டாய்ச் சுற்றிக்கொள்ளும்.
பத்து நாளில் அரைச் சுரம் இறங்கிவிடும்.
அதுதான் எனக்கு நாள்காட்டி.

சரகோசாவின் தண்ணீர் வேறு,
கல்லைக் கரைத்துக் குடித்துவிட்டு வருகிற தண்ணீர்.
கெட்டில், ஷவர், கண்ணாடித் தம்ளர்
எதையும் விட்டுவைக்காமல் வெள்ளை பூசும்.
ஊற்றின் உதட்டில் அது படிந்தால்
நீர் ஒரு பக்கமாகவே வழியும்,
பல்வலிக்காரன் வாய் கொப்பளிப்பதுபோல.

ஆகவே ஞாயிறு.
பிளக்கைப் பிடுங்கி மூடியைத் திறந்து
உட்சுவரில் விரல் வைத்தால் வழுக்கும்.
கண்ணுக்குத் தெரியாத ஏடு,
மூலையில் மட்டும் இளஞ்சிவப்பு.
வினிகரும் வெந்நீரும் சரிபாதி, அரைமணி ஊறல்.
அதற்குள் பழைய பல்துலக்கியால் மோட்டாரின் மூக்கு,
பஞ்சுக்குச்சியால் அதன் தொண்டை.
விசிறியை நகத்தால் நெம்ப வேண்டும்,
காந்தம் விடாது,
விட்டால் கைநழுவிச் சாக்கடைக்குள் ஓடும்.
ஒருமுறை ஓடியது.
பிறகு அலசல், ஏழு முறை.
எனக்கு ஐந்திலேயே வினிகர் வாடை போய்விடும்.
மிச்ச இரண்டு அவன் மூக்குக்கு.

அவனுக்குப் பதிமூன்று வயது.
சிறுநீரகம் சோர்ந்துவிட்டது என்றார் டாக்டர் இசார்பே.
"குடிக்க வையுங்கள். எப்படியாவது.
எவ்வளவு என்று எழுதியும் வையுங்கள்."
தொட்டியின் பக்கவாட்டில் பென்சில் கோடுகள்.
பாட்டுக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில்
மில்லிலிட்டர்.

கீழ்வீட்டு பாஸ்குவால் லனூசா
இரவுப் பேருந்து ஓட்டுகிறவர்.
பகலில் அவர் தலையணைக்கு நேர்மேலே
என் சமையலறை.
தபால் பெட்டியில் ஒரு நறுக்கு:
உங்கள் குழாய் ஒழுகுகிறது.
அடுத்த வாரம் இன்னொன்று:
ஒழுகவில்லை என்றால் அது என்ன?
பூனை தண்ணீர் குடிக்கிறது, உடம்பு சரியில்லை
என்று எழுதிப் போட்டேன்.
பதிலில்லை.

பிப்ரவரியில்
சியெர்சோ காற்று சன்னல்களை உலுக்கிய ஓர் இரவு
விழித்துக்கொண்டேன்.
அத்தனை இரைச்சலுக்குள்ளும் ஓர் ஓட்டை.
போய்ப் பார்த்தால் ஊற்று ஊமை.
கழற்றினேன், ஊதினேன், உலுக்கினேன்,
கொஞ்சம் திட்டினேன்.
புது மோட்டாருக்கு ஒரு வாரம் என்றது கடை.
கிண்ணத்தில் வைத்தேன்.
கொமினோ அதைச் சுற்றி வந்து
முன்காலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு
ஓடாத தண்ணீரைத் தண்ணீரென்று
ஒப்புக்கொள்ளாமல் போய்விட்டான்.
ஊசியிலும் குழம்பிலுமாக மூன்று நாள்.

வியாழன் மதியம் கதவு தட்டும் சத்தம்.
சீருடையில் பாஸ்குவால்,
கையில் மூன்றாவது நறுக்கு.
நீட்டவில்லை.
"சத்தம் நின்றுவிட்டதே," என்றார்.
என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.
"இருக்கிறானா?"

இருந்தான்.
குளியல் தொட்டிக்குள் நின்று
மூடிய குழாயை அண்ணாந்து பார்த்தபடி.
பாஸ்குவால் கேட்காமலே உள்ளே வந்தார்,
குழாயைத் திருகினார், கூடிவிட்டது, குறைத்தார்,
பேருந்தை நிறுத்தத்தில் அணைக்கிற கை.
நூல்போல் ஒரு தண்ணீர்.
கொமினோ தலையைச் சாய்த்து
நாக்கை நீட்டினான்.

"இதை எப்படி அளப்பது?" என்றேன்.
உஷ் என்று விரல் வைத்தார்.
உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார்.

குறிப்பேட்டில் அந்த நாளுக்கு
அந்த நறுக்கையே ஒட்டியிருக்கிறேன்.
பின்பக்கம் அவர் கையெழுத்து:
இருநூற்றுப் பதினொரு நக்கு.
முன்பக்கம்,
"மதிப்பிற்குரிய மேல்வீட்டாருக்கு" என்பதோடு நின்றிருக்கிறது.

செவ்வாயன்று புது மோட்டார் வந்தது.
இசைக்கவையைத் தட்டினேன்.
மயிரிழை ஏற்றம்.
பத்து நாள் போனால்
சரியாகிவிடும்.